தடையில்லா வணிகமும் படைச்செலவும்: செட்டிநாட்டுக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், ஆத்தங்குடி பக்கம் டீக்கடை பெஞ்சிலும் கோயில் மண்டபத்திலும் தடையில்லா வணிக ஒப்பந்தங்களையும் படைச்செலவையும் பற்றிச் சின்னச் சின்னதாகக் கூட்டம் போட்டுப் பேசி வருகிறோம். விவசாயி, நெசவாளர், மளிகைக் கடைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் வருகிறார்கள். ஊர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேள்விகளைக் கேட்டவர்கள் வாயாலேயே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

"தடையில்லா வணிக ஒப்பந்தம்னு பேப்பர்ல போடுறான். அப்படின்னா என்னங்க?"

ஒரு நாட்டுச் சரக்கு இன்னொரு நாட்டுக்குள் வரும்போது போடும் இறக்குமதி வரியைக் குறைக்கவோ எடுத்துவிடவோ நாடுகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம். இந்தியா இலங்கையோடு 1998-ல் கையெழுத்திட்டது, அது 2000 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு போட்டது 2010 ஜனவரி 1 முதல் நடக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தோடும் ஆஸ்திரேலியாவோடும் 2022-ல், பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தானது.

வரி மட்டும் என்றால் பேசி முடித்துவிடலாம். இப்போது வரும் ஒப்பந்தங்களில் காப்புரிமை, அந்நிய முதலீடு, அரசு கொள்முதல் எல்லாம் உள்ளே இருக்கின்றன. பேச்சு நடக்கும்போது வரைவை யாருக்கும் காட்டுவதில்லை. கையெழுத்திட நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற கட்டாயமும் நம் நாட்டில் இல்லை. நம் வயலையும் தறியையும் பற்றி எழுதுகிற பத்திரத்தை, எழுதி முடித்த பிறகுதான் நாம் பார்க்கிறோம். எனக்கு இதில் இருக்கும் முதல் கோபம் இதுதான்.

"சாமான் விலை குறையுதுல்ல? நம்ம ஊருல அதனால என்ன கெட்டுப்போச்சு, ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்."

கடலை எண்ணெயைப் பாருங்கள். நம் பக்கம் மானாவாரியில் கடலை போடாத ஊர் இல்லை. செக்கில் கடலை ஆட்டினால் எண்ணெய் மட்டும் கிடைப்பதில்லை. புண்ணாக்கு மாட்டுக்குப் போகும், மாட்டுச் சாணி வயலுக்குப் போகும், கடலைக்கொடி வைக்கோலோடு சேர்ந்து தீவனமாகும். எள் ஆட்டுகிறவர் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, பதம் பார்த்துத் தண்ணீர் தெளித்து, விரலால் தொட்டுப் பார்த்து எண்ணெய் பிரிகிற நேரத்தைச் சொல்வார். அந்தக் கைப்பழக்கமும் ஒரு சொத்து.

1990-களின் தொடக்கத்தில் சமையல் எண்ணெய்த் தேவையில் பெரும்பகுதியை நாடு தானே நிறைவு செய்துகொண்டது. 1994-ல் பாமாயிலை யார் வேண்டுமானாலும் இறக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். பிறகு ஆசியான் ஒப்பந்தமும் வந்தது. இன்றைக்குத் தேவையில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. வரியும் நிலையாக இல்லை. கச்சா சமையல் எண்ணெய்க்கு 2024 செப்டம்பரில் 20% அடிப்படை வரி போட்டார்கள், 2025 மே 31-ல் அதை 10% ஆக்கினார்கள். விதைக்கும்போது ஒரு கணக்கு, பறிக்கும்போது வேறு கணக்கு. இதை நம்பிக் கடலை போடுகிறவன் எப்படிப் பிழைப்பான்?

மிளகிலும் இதே கதை. இலங்கை ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் மிளகு வரியில்லாமல் வரலாம். அந்த வழியில் வியட்நாம் மிளகும் இலங்கை மிளகாக உள்ளே வந்தது. குடகு, இடுக்கி விவசாயிகள் கத்திய பிறகு, 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் கீழ் இறக்கக் கூடாது என்று அரசு விலை வைத்தது. நம் வீட்டு மிளகு ரசத்துக்குள் இவ்வளவு இருக்கிறது.

"ரேஷன்ல பாமாயில் 25 ரூபாய்க்குத் தர்றாங்க. அதையும் நிறுத்தச் சொல்றீகளா?"

இல்லை ஆத்தா. ஏழை வீட்டு அடுப்பில் இருக்கும் எண்ணெயை எடு என்று நாங்கள் ஒருநாளும் சொல்ல மாட்டோம். அரசு மானியம் கொடுத்துத்தான் அதை 25 ரூபாய்க்குத் தருகிறது. அதே மானியத்தை நம் மாவட்டத்துக் கடலை விவசாயியிடம் கொள்முதல் செய்யப் பயன்படுத்து, கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் ரேஷனில் கொண்டு வா என்றுதான் கேட்கிறோம். விவசாய அமைப்புகள் பல வருடமாகக் கேட்டுவரும் கோரிக்கை அது.

மலேசியாவில் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை வைத்தபோது, தலைமுறையாக அங்கே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த தமிழ்க் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. இந்தோனேசியாவில் காட்டையும் ஊர்ப் பொதுநிலத்தையும் இழந்த மக்கள் இன்றும் போராடுகிறார்கள். பாமாயில் விளைகிற மண்ணில் இருப்பவர்களும் நம்மைப் போல் அடிபட்டவர்கள்தான்.

"செட்டிநாடே கடல் கடந்து வணிகம் பண்ணி வாழ்ந்த சீமை. இந்த ஊருல நின்னுக்கிட்டு நீங்க இப்படிப் பேசலாமா?"

இந்த ஊரில்தான் பேச வேண்டும். கடல் கடந்து தொழில் செய்ய, அதாவது 'கொண்டுவிக்கப் போன' கதை இங்கே ஒவ்வொரு வளவிலும் (செட்டிநாட்டு வீட்டிலும்) இருக்கிறது. கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாகி, மேலாளாகி, கிட்டங்கி என்ற கடைக்கட்டடத்திலேயே படுத்துக் கணக்கு எழுதிய மனிதர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வணிகத்துக்கு வழி திறந்தது எது? 1852-ல் இரண்டாவது ஆங்கிலோ-பர்மியப் போர் நடந்து, கீழ்ப் பர்மாவை வெள்ளைக்காரன் பிடித்தான். படை முன்னால் போனது, நெல் வணிகம் பின்னால் போனது, நெல்லுக்குக் கடன் கொடுக்க நம் செட்டியார்கள் போனார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசி ஐரோப்பா வரை ஓடியது.

1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் 6% நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938-ல் அது 25% ஆனது. நிலத்தை வாங்கியவர்களும் அதை விரும்பி வாங்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது பணம், வந்தது நிலம். ஆனால் நிலத்தை இழந்த உழவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சாயா சான் தலைமையில் எழுந்த உழவர் கிளர்ச்சியை (1930–32) வெள்ளையன் படையை வைத்து அடக்கினான்.

பிறகு என்ன நடந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டது. பணம் இருந்தவர்களுக்குக் கப்பல் கிடைத்தது. மூட்டை தூக்கியவர்களும் ஆலையில் வேலை பார்த்தவர்களும் அரக்கான் மலையிலும் மணிப்பூர்க் காட்டிலும் நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. மிச்சம் இருந்த கடைகளையும் 1962-ல் ஆட்சியைப் பிடித்த நெ வின் ராணுவம் 1964-ல் எடுத்துக்கொண்டது. காரைக்குடி பர்மா காலனி அப்படித் திரும்பி வந்தவர்களால் ஆனது. துப்பாக்கி திறந்துவிட்ட வணிகத்தில் சேர்த்த சொத்து துப்பாக்கியாலேயே போனது. இதை இந்தச் சீமையைவிட நன்றாக அறிந்த ஊர் தமிழ்நாட்டில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

"சரி, அது பழைய கதை. இன்னைக்கு வணிகத்தைப் பேசும்போது ராணுவத்தை ஏன் உள்ள இழுக்கிறீங்க?"

இரண்டும் ஒரே சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. உலக வர்த்தக அமைப்பு 1995 ஜனவரி 1-ல் தொடங்கியது. அதன் விவசாய ஒப்பந்தப்படி, நம்மைப் போன்ற நாடு ஒரு பயிருக்குக் கொடுக்கும் விலை ஆதரவு அந்தப் பயிரின் உற்பத்தி மதிப்பில் 10%-ஐத் தாண்டக் கூடாது. அந்த ஆதரவைக் கணக்குப் பார்க்க 1986–88 விலையை வைத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பழைய விலை! நெல்லில் இந்தியா 2018-19-ல் இந்த வரம்பைத் தாண்டியது. 2013-ல் பாலி மாநாட்டில் கிடைத்த தற்காலிக விலக்கு இருந்ததால்தான் வழக்கிலிருந்து தப்பித்தது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போடும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே அமைப்பின் அடிப்படையான காட் ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவைப் பாருங்கள். ஆயுதம், வெடிமருந்து, படைக்கு வேண்டிய தளவாடம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒரு நாடு தன் பாதுகாப்புக்கு அவசியம் என்று நினைப்பதைச் செய்துகொள்ளலாம். நெல்லுக்குக் கொடுத்தால் உச்சவரம்பு, துப்பாக்கி ஆலைக்குக் கொடுத்தால் வரம்பே இல்லை. உழவனுக்கும் நெசவாளிக்கும் கொடுக்கிற கையைக் கட்டிவிட்டு, ஆயுதக் கம்பெனிக்குக் கொடுக்கிற கையை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். நாங்கள் சொல்ல வந்ததே இதைத்தான்.

பணக் கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. 2024-ல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். இந்திய அரசின் 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய், வேளாண் அமைச்சகத்துக்குச் சுமார் 1.37 லட்சம் கோடி.

"எம் மகன் பட்டாளத்துல இருக்கான். நீங்க பேசுறது அவனுக்கு எதிராவா?"

தேவகோட்டையில் ஓர் அம்மா எழுந்து நின்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் வறண்ட நிலத்தை நம்ப முடியாமல் பட்டாளத்துக்குப் போன குடும்பங்கள் நிறைய. அந்தச் சிப்பாய்க்கு எதிராக எங்களிடம் ஒரு சொல்லும் இல்லை.

சிப்பாய்க்கு எதிராக நடந்திருப்பதைச் சொல்கிறேன். 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தது. நான்கு வருட வேலை, முடிந்ததும் நான்கில் ஒருவரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்ற மூவருக்கும் ஓய்வூதியம் இல்லை. உலகத்தில் அதிகம் ஆயுதம் இறக்கும் நாடுகளில் ஒன்றாக இருந்துகொண்டு, வீரனின் ஓய்வூதியத்தில்தான் சிக்கனம் பார்க்கிறார்கள். எல்லையில் பேச்சுவார்த்தையால் பதற்றம் குறைந்தால் முதலில் நிம்மதியாகத் தூங்குவது அந்த அம்மாதான். பேரழிவு ஆயுதம் வேண்டாம், பக்கத்து நாட்டோடு பேசு என்று கேட்பது அவர் மகனுக்காகவும்தான்.

"திருச்சி பக்கம் ஆயுதத் தொழிற்சாலை பெருசா வந்தா நம்ம பயலுகளுக்கு வேலை கிடைக்குமே?"

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் தடம் 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கப்பட்டது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள். கொஞ்சம் வேலை வரும், மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே இருந்த நல்ல வேலைக்கு என்ன ஆனது? திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை உட்பட 41 அரசுத் தொழிற்சாலைகளை 2021 அக்டோபர் 1-ல் ஏழு கம்பெனிகளாக உடைத்தார்கள். தொழிலாளர்கள் எதிர்த்தபோது வேலைநிறுத்தத்தைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். அதற்கு முந்தின வருடம்தான் பாதுகாப்புத் துறையில் தானாகவே அனுமதி கிடைக்கும் அந்நிய முதலீட்டின் வரம்பு 49 சதவீதத்திலிருந்து 74 சதவீதமானது. அங்கேயும் சந்தையைத் திறப்பதும் படையைப் பெருக்குவதும் ஒன்றாகவே வந்தன.

"அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டு நம்மள அடிச்சான். அப்ப வரி போடுறது தப்புன்னு நீங்கதானே சொல்லணும்?"

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா போட்ட அந்த வரி திருப்பூர் பனியனையும் நம் கடற்கரை இறாலையும் கடுமையாக அடித்தது. அதில் பாதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை என்று சொல்லியே போட்டார்கள். எங்கேயோ நடக்கும் போருக்கு இங்கே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண் கூலி இழந்தாள். முன்பு சொன்ன 21-ஆம் பிரிவு எதற்குப் பயன்படும் என்பதும் இங்கே தெரிகிறது. அமெரிக்கா தன் பல வரிகளுக்குச் சொல்லும் சாக்கு 'தேசப் பாதுகாப்பு'தான்.

வரி நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எளியவனைக் காக்கப் போடும் வரி வேறு, எளியவனை மிரட்டப் போடும் வரி வேறு. அதே ஆகஸ்டில் நம் அரசு என்ன செய்தது தெரியுமா? பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11% வரியை எடுத்தது. ஆலைகளுக்கு ஆறுதல், பஞ்சு விளைவித்தவனுக்கு அடி. வாஷிங்டன் அடித்த அடியைக் கடைசியில் வாங்கியது கரிசல் காட்டு விவசாயி.

"மருந்து விலை ஏறும்னு சொல்றது நிஜமா, இல்ல பயமுறுத்தலா?"

நிஜம். ஒரு மருந்துக்குக் காப்புரிமை இருக்கும் வரை வேறு கம்பெனி அதைக் குறைந்த விலைக்குச் செய்து விற்க முடியாது. தெரிந்த மருந்தைக் கொஞ்சம் மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்பதை நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு தடுக்கிறது. ரத்தப் புற்றுநோய் மருந்து கிளிவெக் விஷயத்தில் நோவார்டிஸ் கம்பெனி அந்தப் பிரிவையே எதிர்த்தது. 2007-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலும், காப்புரிமை கேட்ட வழக்கில் 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. கோர்ட்டில் கிடைக்காததை ஒப்பந்தத்தில் வாங்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் எங்கள் கவலை.

"தொண்டி, கோட்டைப்பட்டினம் மீனவங்களை இலங்கை நேவி பிடிக்குது. இதுக்கு நம்ம நேவியை அனுப்பச் சொல்லணுமா வேண்டாமா? நேரா பதில் சொல்லுங்க."

அனுப்பக் கூடாது. படகைப் பிடிப்பது, சுடுவது, வருடக்கணக்கில் படகை அங்கே மக்க விடுவது எல்லாம் கொடுமை. கைதானவர்களை உடனே விட வேண்டும். அதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இரண்டு கடற்படை மோதினால் நடுவில் சாகப்போவது மீனவன்.

எதிர்க்கரையில் இருப்பது யார் என்று பாருங்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்கள் நம் தமிழ் மீனவர்கள்தான். போர்க்காலத்தில் அவர்களைக் கடலுக்குப் போக விடாமல் ராணுவம் கட்டுப்பாடு போட்டது. 2009-ல் போர் முடிந்து, கடன் வாங்கி வலை வாங்கி இறங்கினால், நம் பக்கத்து இழுவை விசைப்படகு அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிறது. கடலின் அடித்தரையைச் சுரண்டும் அந்த இழுவை முறையை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடுத்தது, அதைக் கேட்டவர்கள் அங்குள்ள மீனவர்கள். நம் பக்கத்திலேயே நாட்டுப்படகுக்காரர்கள் இழுவை வலையால் மீன் அழிவதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள்.

இந்த விசைப்படகுகள் எப்படிப் பெருகின? இறாலை ஏற்றுமதி செய்தால் டாலர் வரும் என்று அரசே மானியம் கொடுத்து ஊக்கப்படுத்தியது. ஏற்றுமதிச் சந்தை படகைப் பெருக்கியது, படகு மீனை அழித்தது, மீன் தேடி எல்லை தாண்டினால் எதிரே கடற்படை நிற்கிறது. இரு கரை மீனவர்களும் தாங்களே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு நிற்காமல் நடக்கவும், இழுவையை விட்டு வெளியே வருகிறவர்களுக்குப் போதிய பணம் கொடுக்கவும் இரண்டு அரசுகளையும் நெருக்க வேண்டும். இதைக் கேட்டால் கூட்டத்தில் சிலருக்குக் கோபம் வருகிறது. வந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

"கொரியாக்காரனும் பிரேசில்காரனும் நமக்கு எதுக்குங்க? நம்ம பாடே பெரும்பாடா இருக்கு."

2003 செப்டம்பர் 10-ல் மெக்சிகோவின் கான்குன் நகரில் உலக வர்த்தக மாநாடு நடந்தபோது, வேலி மேல் ஏறி நின்று லீ கியுங் ஹே என்ற தென்கொரிய விவசாயி தன்னையே குத்திக்கொண்டு உயிரை விட்டார். மாட்டிறைச்சி இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு பண்ணையை இழந்தவர் அவர். அந்த மாநாடு உடன்பாடு இல்லாமல் கலைந்தது. பிரேசிலில் 1996 ஏப்ரல் 17-ல் நிலம் கேட்டு ஊர்வலம் போன 19 உழவர்களைப் போலீஸ் கொன்றது. அந்த நாளை உலகம் முழுக்க உழவர் போராட்ட நாளாக அனுசரிக்கிறார்கள். 1999-ல் கர்நாடக விவசாயிகள் முன்னின்று, இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் ஐரோப்பாவுக்கே போய் ஊர் ஊராக ஆர்ப்பாட்டம் செய்தார்கள். 

பக்கத்திலேயே ஒன்று நடந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு, காசாவில் போர் நடத்தும் இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கைத் தொட மாட்டோம் என்று அறிவித்தது. சம்பளத்துக்காக அல்ல, முகம் தெரியாத பிள்ளைகளுக்காக. தோழமை என்றால் இதைவிடப் பெரிய விளக்கம் என்னிடம் இல்லை.

"கிராம சபையில தீர்மானம் போட்டா டெல்லி கேட்டுருமா?"

உடனே கேட்காது. வெளிநாட்டு ஒப்பந்தம் அரசமைப்பில் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் நம்மைக் கேட்காமல் நம் பயிரைப் பேரம் பேசாதே என்று ஊராட்சி சொல்வதற்கு முழு நியாயம் உண்டு. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் நெடுவாசல் மக்கள் 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து உட்கார்ந்தபோது 'நடக்காது' என்று சொன்னவர்கள்தான் அதிகம். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் அந்த மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் சேர்ந்தன. ஆசிய-பசிபிக் நாடுகள் பல சேர்ந்து பேசிய ஆர்செப் என்ற பெரிய வணிக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா 2019 நவம்பர் 4-ல் விலகியதிலும் பால் உற்பத்தியாளர், விவசாயிகள் எதிர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் எழுதிக் கொடுங்கள். 'ஒப்பந்த வரைவைத் தமிழில் வெளியிட வேண்டும், மாநிலச் சட்டமன்றத்தில் விவாதிக்க வேண்டும்' என்ற இரண்டு வரி போதும். பதிவேட்டில் ஏறியதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பாருங்கள்.

"அப்ப எதையும் விக்கக் கூடாதா? ஆத்தங்குடிக் கல்லும் கண்டாங்கிச் சேலையும் வெளிநாடு போகக் கூடாதா?"

போகட்டும். கண்ணாடிப் பலகையில் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் அமுக்கி, வெயிலில் காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற அந்தத் தரைக்கல் உலகம் முழுக்கப் பரவினால் எனக்கும் பெருமைதான். கேள்வி எல்லாம் அதன் நிபந்தனையை யார் எழுதுகிறார்கள், கூலி யாருக்குப் போகிறது என்பது.

கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு, அதாவது இந்தப் பெயர் இந்த ஊர்ச் சரக்குக்குத்தான் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. அந்தக் குறியீட்டுச் சட்டமே உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் வந்ததுதானே என்று ஒரு கல்லூரி மாணவி மடக்கினார். அவர் சொன்னது உண்மை. கையில் இருப்பதைப் பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் குறியீடு கிடைத்ததோடு விசைத்தறிப் போலி நின்றுவிடாது. ஒவ்வொரு நெசவாளியும் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தனியாகப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டியவர்கள் கூட்டத்துக்கு வரும்போது ஆதார் நகலும் கூட்டுறவுச் சங்க அட்டையும் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.